கைதிகள் போய்க் காகிதங்கள் வந்த சிறை

ஆவணக் காப்பகம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், மெக்சிகோ நகரத்தில் இருக்கும் ஒரு பழைய சிறைச்சாலையை வைத்து விளக்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. லெகும்பெர்ரி என்பது அதன் பெயர். 1900-ல் திறந்தார்கள், 1976-ல் மூடினார்கள். ஊர் மக்கள் அதைக் 'கறுப்பு மாளிகை' என்றே சொல்லிவந்தார்கள். மூடி ஆறு வருஷம் கழித்து, 1982-ல், அதே கட்டடம் நாட்டின் தேசிய ஆவணக் காப்பகமாகத் திறந்தது. கைதிகளை அடைத்த அறைகளில் காகிதக் கட்டுகள் வந்து உட்கார்ந்தன. ஏன் அப்படிச் செய்தார்கள், அதனால் என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டே போனால், ஆவணக் காப்பகம் எதற்கு இருக்கிறது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

முதலில் அடிப்படை. பல வீடுகளில் பரணிலோ பீரோவுக்கு மேலேயோ ஒரு தகரப் பெட்டி இருக்கும். நிலப் பத்திரம், வரி கட்டிய ரசீது, தாத்தாவின் ஓய்வூதியக் கடிதம், எப்போதோ முடிந்த வழக்கின் தீர்ப்பு நகல் எல்லாம் அதில் கிடக்கும். அந்த ரசீதை எழுதிய குமாஸ்தா, வரலாறு எழுதுவதாக நினைத்து எழுதவில்லை. பணம் வாங்கியதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். நாற்பது வருஷம் கழித்து அந்த நிலம் யாருடையது என்று தகராறு வந்தால், கோர்ட்டில் பேசப்போவது அதே ரசீதுதான். ஒரு வேலைக்காக எழுதிய காகிதம், அந்த வேலை முடிந்த பிறகு வேறொரு வேலைக்கு உதவுகிறது. அப்படிப்பட்ட காகிதத்தைத்தான் ஆவணம் என்கிறோம். அரசாங்கத்தின் தகரப் பெட்டி எதுவோ அதுதான் ஆவணக் காப்பகம்.

நூலகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். நூலகத்தில் இருக்கும் புத்தகம் யாரோ படிக்க வேண்டும் என்றே அச்சடித்தது. ஒன்று தொலைந்தால் வேறு ஊரில் இன்னொரு பிரதி கிடைக்கும். ஆவணக் காப்பகத்தில் இருப்பது பெரும்பாலும் உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி. அது போனால் போனதுதான். அடுக்கி வைக்கும் முறையும் வேறு. நூலகத்தில் பொருள்வாரியாக வைப்பார்கள்: சமையல் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். காப்பகத்தில் அப்படிக் கலைத்துப் பிரிக்கக் கூடாது. எந்த அலுவலகம் அந்தக் காகிதத்தை உண்டாக்கியதோ அந்த அலுவலகத்தின் பெயரிலேயே, அவர்கள் வைத்திருந்த வரிசையிலேயே வைக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டில் 1841-ல் இதை எழுத்து வடிவில் விதியாக்கினார்கள்; இன்று உலகம் முழுக்கக் காப்பக வேலையின் அரிச்சுவடி இதுதான். காரணம் எளிது. ஒரு கடிதம் தனியாகக் கிடைத்தால் பாதிச் செய்திதான் சொல்லும். அதற்கு முன்னால் வந்த மனு, பின்னால் போன உத்தரவு, ஓரத்தில் அதிகாரி கிறுக்கிய குறிப்பு எல்லாம் அதே கட்டில் சேர்ந்திருந்தால்தான் என்ன நடந்தது என்று தெரியும்.

இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லெகும்பெர்ரி விஷயத்தில் இது வேடிக்கையான ஒரு விளைவைக் கொண்டுவருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, சிறைக்கு வருவோம். மெக்சிகோ நகரத்தின் கிழக்கு ஓரம், சான் லாசரோ பகுதி, ஒரு காலத்தில் டெஸ்கோகோ ஏரியின் கரையாக இருந்த சதுப்பு நிலம். அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரர் ஒருவரின் குடும்பப் பெயர்தான் லெகும்பெர்ரி. அது பாஸ்க் மொழிப் பெயர். 'லெகு' என்றால் இடம், 'பெர்ரி' என்றால் புதிது. அங்கே 1885-ல் கட்டுமானத்தைத் தொடங்கிப் பதினைந்து வருஷம் கட்டினார்கள். நீண்ட காலம் நாட்டை ஆண்ட போர்ஃபிரியோ டியாஸ் 1900 செப்டம்பர் 29 அன்று திறந்துவைத்தார். அதே 1900-ல்தான் நகரத்தின் கழிவுநீரை வெளியேற்றும் பெரிய கால்வாயையும் அவர் திறந்துவைத்தார். அதுவும் சான் லாசரோவிலிருந்தே கிளம்புகிறது. நவீனமான நாடு என்று உலகத்துக்குக் காட்ட அவர் கட்டியவற்றில் இரண்டு இவை: நகரத்தின் கழிவை வெளியே தள்ள ஒன்று, குற்றவாளிகளை உள்ளே வைக்க ஒன்று.

கட்டடத்தின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நடுவில் ஓர் உயரமான காவல் கோபுரம். அதிலிருந்து நட்சத்திரத்தின் கைகள் போல ஏழு நீண்ட கூடங்கள் பிரிந்து போகும். ஒவ்வொரு கூடத்திலும் இரண்டு பக்கமும் வரிசையாகச் சிறையறைகள். ஓர் அறை ஏறத்தாழ பன்னிரண்டு அடி நீளம், ஏழு அடி அகலம். ஒரு கட்டில், ஒரு கழிப்பிடம், ஓர் இரும்புக் கதவு. கோபுரத்தில் நிற்கும் காவலாளிக்கு ஏழு கூடங்களும் ஒரே இடத்திலிருந்து தெரியும்.

இந்த யோசனைக்கு வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெரமி பெந்தாம் என்ற சிந்தனையாளர் 'பனாப்டிகான்' என்று ஒரு சிறை மாதிரியை முன்வைத்தார். எல்லாவற்றையும் காணும் இடம் என்று கிரேக்கத்தில் பொருள். வட்டமாக அறைகள், நடுவில் காவல் கூண்டு. காவலர் இப்போது தன்னைப் பார்க்கிறாரா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாது. தெரியாததாலேயே எப்போதும் பார்க்கப்படுபவன் போல நடந்துகொள்வான் என்பது அவர் கணக்கு. லெகும்பெர்ரி அந்த மாதிரியை அப்படியே எடுக்கவில்லை. வட்டத்துக்குப் பதில் நட்சத்திரம். கோபுரத்திலிருந்து பார்த்தால் கூடங்கள் தெரியும், ஒவ்வோர் அறையின் உள்பக்கமும் தெரியாது. ஆனாலும் எண்ணம் அதேதான்: ஒருவர் பார்ப்பார், பலர் பார்க்கப்படுவார்கள்.

திறந்தபோது திட்டம் ஒழுங்காகத்தான் இருந்தது. தண்டனை மூன்று கட்டம். முதலில் இரவும் பகலும் தனிமை. நடத்தை சரியாக இருந்தால் பகலில் பட்டறையில் மற்றவர்களோடு வேலை. கடைசியில் பாதி விடுதலை. ஓர் அறைக்கு ஓர் ஆள் என்பது கணக்கு. அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. 1933-ல் நகரத்தின் பழைய பெலேன் சிறையை மூடி, அங்கே விசாரணைக்குக் காத்திருந்தவர்களையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏறத்தாழ 800 ஆண் கைதிகளுக்கு என்று கட்டிய இடத்தில் 1970-களின் தொடக்கத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கூடத்துக்கு ஒரு கைதித் தலைவன். புதிதாக வருபவன் தரையைக் குந்தியபடியே கழுவித் தேய்க்க வேண்டும். காசு கொடுத்தால் விலக்கு. அடங்காதவர்களைப் போடும் இருட்டறைக்கு 'அபாந்தோ' என்று பெயர். கறுப்பு மாளிகை என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

மெக்சிகோவின் இருபதாம் நூற்றாண்டு இந்தச் சுவர்களை உரசிக்கொண்டே போகிறது. புரட்சித் தளபதி பாஞ்சோ வியா 1912-ல் இங்கே அடைபட்டார். அவரைச் சுட்டுக் கொல்ல ஏற்பாடு செய்தவர் விக்டோரியானோ வெர்த்தா என்ற ராணுவத் தளபதி. கடைசி நேரத்தில் தடுத்தவர் ஜனாதிபதி பிரான்சிஸ்கோ மதேரோ. சிறைக்குள் வியாவுக்கு எழுத்தும் பாடமும் சொல்லிக்கொடுத்தவர் ஹில்தார்தோ மகாஞா என்ற இளைஞர், விவசாயிகளின் தலைவர் எமிலியானோ சபாட்டாவின் ஆள். வியா பிறகு வேறொரு சிறைக்கு மாற்றப்பட்டு அங்கிருந்து தப்பிவிட்டார். அவரைக் காப்பாற்றிய மதேரோவால் தப்ப முடியவில்லை. 1913 பிப்ரவரியில் வெர்த்தா ஆட்சியைப் பிடித்தார். 22-ம் தேதி இரவு, மதேரோவையும் துணை ஜனாதிபதி பினோ சுவாரெஸையும் லெகும்பெர்ரிக்கு மாற்றுகிறோம் என்று சொல்லிக் காரில் ஏற்றிப் போனவர்கள், சிறைச் சுவருக்கு அருகில் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். வழியில் மீட்க வந்த கும்பலோடு நடந்த சண்டையில் இறந்தார்கள் என்றது அரசின் அறிக்கை. அந்த அறிக்கையும் ஓர் ஆவணம்தான். ஆவணம் என்றால் உண்மை என்று அர்த்தமில்லை என்பதை முதலில் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்பதுதான் ஓர் ஆவணத்தில் உறுதியாகத் தெரிவது. உள்ளே சொல்லியிருப்பதை மற்ற காகிதங்களோடு ஒத்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

லெகும்பெர்ரியைப் பற்றி ஒரே ஒரு புகைப்படம் பார்ப்பதாக இருந்தால், ஹெக்டர் கார்சியா எடுத்ததைப் பாருங்கள். சுவரோவியர் டேவிட் அல்ஃபாரோ சிகேரோஸ் கம்பிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்; ஒரு கை மட்டும் கம்பிகளுக்கு நடுவே விரிந்து, நம்மை நிறுத்துவது போல முன்னால் நீண்டிருக்கிறது. முகத்தைவிட அந்த உள்ளங்கை பெரிதாகத் தெரியும். 1960 முதல் 1964 வரை அவர் உள்ளே இருந்தார். அவர்மீது சொன்ன குற்றம் 'சமூகச் சீர்குலைவு'. யார்மீது வேண்டுமானாலும் போடக்கூடிய சட்டப் பிரிவு அது. ரயில்வே தொழிலாளர் தலைவர் டெமெட்ரியோ வயெஹோ, வேலைநிறுத்தத்துக்காக 1959-ல் கைதாகிப் பதினொரு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அவரை விடுதலை செய், அந்தச் சட்டப் பிரிவை நீக்கு என்பவை 1968 மாணவர் போராட்டத்தின் முக்கியமான கோரிக்கைகள். அந்த வருஷம் அக்டோபர் 2 அன்று த்லதேலோல்கோ சதுக்கத்தில் கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர் பிழைத்த மாணவர்களும் பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் லெகும்பெர்ரியின் கூடங்களை நிரப்பினார்கள்.

அவர்களில் பலர் உள்ளேயே எழுதினார்கள். ஹோசே ரெவுயெல்டாஸ் அந்தத் தண்டனை இருட்டறையைப் பற்றி ஒரு சின்ன நாவலை அங்கேயே எழுதி முடித்தார். மாணவர் போராட்டத்துக்கு இரண்டு வருஷம் முன்பே கைதாகியிருந்த அடோல்ஃபோ ஹில்லி, மெக்சிகோ புரட்சியின் வரலாற்றை அங்கே உட்கார்ந்து எழுதினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நின்றுவிடுகிறது. புரட்சியின் மூல ஆவணங்கள் ஒன்றையும் போய்ப் பார்க்க முடியாத ஒரு மனிதர், கிடைத்த புத்தகங்களை வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் நாட்டின் ஆவணங்கள் எல்லாம் வந்து சேரப்போகிற கட்டடத்துக்குள்ளேயே அந்த வரலாற்றை எழுதியிருக்கிறார்.

எழுதியவை எல்லாம் பிழைக்கவில்லை. 1969 டிசம்பரில் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். 1970 ஜனவரி 1 அன்று மற்ற கூடங்களின் கைதிகள் அவர்கள்மேல் ஏவிவிடப்பட்டார்கள். அடிதடியோடு அவர்களுடைய அறைகளும் சூறையாடப்பட்டன. புத்தகம், தட்டச்சு இயந்திரம், கையெழுத்துப் பிரதி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் போயிற்று. ஒரே ஒரு பிரதி என்று முன்னால் சொன்னேனே, அதன் வலி இதுதான்.

1976 ஆகஸ்டில் சிறையை மூடினார்கள். நகரத்தின் வடக்கிலும் கிழக்கிலும் புதுச் சிறைகள் தயாராகியிருந்தன. காலியான கட்டடத்தை என்ன செய்வது? இடித்துவிடலாம் என்ற குரல் பலமாக இருந்தது. அதை லேசாக ஒதுக்கவும் முடியாது. அந்தச் சுவர்களுக்குள் அடிபட்டவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டுமா என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. எட்முண்டோ ஓகோர்மன் உள்ளிட்ட வரலாற்றாசிரியர்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள். கட்டடமே ஒரு சாட்சி, இடித்தால் நடந்தது எதுவும் நடக்காதது போல ஆகிவிடும் என்பது அந்தப் பக்கத்தின் வாதம். நான் அவர்கள் கட்சிதான். இடித்த இடத்தில் வரும் பூங்காவில் உட்கார நன்றாக இருக்கும். ஆனால் அங்கே விளையாடும் குழந்தை, இங்கே என்ன இருந்தது என்று கேட்கவே கேட்காது.

அதே நேரம் தேசிய ஆவணக் காப்பகம் இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. லூகாஸ் அலமான் என்ற அமைச்சரின் முயற்சியால் 1823-ல் உருவான நிறுவனம் அது. நெடுங்காலம் தேசிய அரண்மனையின் அறைகளில் இருந்தது. 1973-ல் நகரின் நடுவே இருந்த பழைய தகவல் தொடர்பு மாளிகைக்கு மாறியது. ஒரு பகுதி வேறு கட்டடங்களில் சிதறிக் கிடந்தது. ஜனாதிபதி லோபஸ் போர்த்தியோ காலத்தில், உள்துறை அமைச்சராக இருந்த ஹெசுஸ் ரெயெஸ் எரோலெஸ் இந்த இரண்டு சிக்கலையும் ஒன்றாகச் சேர்த்து முடித்துவைத்தார்: காலியான சிறை, வீடில்லாத காகிதம். 1977-ல் முடிவு எடுத்தார்கள். ஹோர்ஹே மெதெயின் என்ற கட்டடக் கலைஞர் மாற்றியமைத்தார். 1982 ஆகஸ்டில் திறப்பு விழா.

அவர் செய்த மாற்றங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. நடுவில் இருந்த காவல் கோபுரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தின்மேல் பெரிய குவிமாடம் ஒன்றை அமைத்தார். ஏழு கூடங்களும் வந்து சேரும் நடு இடம் இப்போது வெளிச்சம் விழும் ஒரு வட்டக் கூடம். சிறையறைகளின் வரிசையும் கதவுகளும் அப்படியே விடப்பட்டன. உள்ளே கட்டில் இருந்த இடத்தில் அலமாரி. அலமாரியில் அட்டைப் பெட்டி. பெட்டியில் காகிதக் கட்டு. கூடங்களுக்கு எண் கொடுத்தார்கள்: முதல் கூடம், இரண்டாம் கூடம் என்று.

சிறையறை காகிதத்துக்கு நல்ல இடமா? பாதி ஆமாம், பாதி இல்லை. தடித்த சுவர் வெயிலின் சூட்டை உடனே உள்ளே விடாது. ஒவ்வோர் அறையும் தனித்தனி என்பதால் ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவ நேரமாகும். பூட்டும் கதவும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் காகிதம் பயங்கர கனம். ஒரு மீட்டர் அலமாரியில் நெருக்கி அடுக்கினால் ஐம்பது கிலோவரை போகும். கட்டடமோ பழைய ஏரி மண்ணின்மேல் நிற்கிறது. மெக்சிகோ நகரமே வருஷா வருஷம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் நகரம். அப்புறம் ஈரம். காகிதத்தின் முதல் எதிரி ஈரம்தான். காற்றில் ஈரம் கூடினால் பூஞ்சை பிடிக்கும், பூச்சி வரும். ரொம்பக் குறைந்தாலோ காகிதம் முறுகி உடையும். ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வைப்பதுதான் காப்பகக்காரர்களின் தினசரிப் பாடு. கழிவுநீர்க் கால்வாய்க்குப் பக்கத்தில், சதுப்பு மண்ணில், மனிதர்களை அடைப்பதற்காகக் கட்டிய அறையில் அதைச் செய்வது சுலபமில்லை.

சரி, அந்தப் பெட்டிகளில் என்னதான் இருக்கிறது? ஸ்பெயின் ஆட்சிக் காலத்தின் மத விசாரணை மன்றக் கோப்புகள் 1571-லிருந்து இருக்கின்றன. ஜனாதிபதிகளின் கடிதப் போக்குவரத்து இருக்கிறது. மாயோ சகோதரர்கள் என்ற புகைப்படக்காரர்களின் நெகட்டிவ்கள் மட்டும் ஏறத்தாழ 50 லட்சம். எனக்கு இவற்றில் மிகவும் நெருக்கமானவை 16-ம் நூற்றாண்டு நில வரைபடங்கள். ஸ்பானியர் ஒருவர் மாடு மேய்க்க நிலம் கேட்டு மனு போடுவார். அதிகாரி போய்ப் பார்ப்பார். அந்த ஊர்ப் பூர்வகுடி ஓவியர் நிலத்தை வரைந்து கொடுப்பார். அந்தப் படங்களில் சாலையைக் கோட்டால் காட்டியிருக்காது. ஒன்றன் பின் ஒன்றாகச் சின்னச் சின்னப் பாதச் சுவடுகள் நடந்து போகும். நீரோடைக்குள் சுழல்கள் இருக்கும். மலையும் வீடும் அவர்களுடைய பழைய சித்திர எழுத்து முறையில் நிற்கும்; பக்கத்திலேயே ஸ்பானியர் கொண்டுவந்த தேவாலயம் மணியோடு நிற்கும். அனுமதி கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய வரைந்த படம் அது; இன்று பார்ப்பவருக்கு ஒரு ஊர் எப்படி இருந்தது என்பதையே சொல்கிறது. இந்த வரைபடத் தொகுப்பை 2011-ல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இந்த நிலக் காகிதங்கள் வெறும் அழகுக்காக இல்லை. மதேரோ காலக் கதையில் வந்த சபாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஊர் அனெனெகுவில்கோ. கரும்புப் பண்ணைகள் ஊர் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தன. 1909-ல் ஊர்ப் பெரியவர்கள் இளைஞரான சபாட்டாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஒரு பெட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். உள்ளே ஊர் நிலத்தின் பழைய பத்திரங்கள். அவற்றில் சில நவாத்தல் என்ற பூர்வகுடி மொழியில் இருந்தன. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே தலைநகரக் காப்பகத்துக்கு ஆள் அனுப்பிச் சான்றிட்ட நகல்கள் வாங்கி வைத்திருந்தவர்கள். சபாட்டா அந்தக் காகிதங்களை நாட்கணக்கில் உட்கார்ந்து படித்தார். பிறகு அவர் துப்பாக்கி எடுத்ததைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. முதலில் பெட்டியைத் திறந்து படித்தார் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஊரின் தகரப் பெட்டிக்கும் நாட்டின் தகரப் பெட்டிக்கும் நடுவே இருக்கும் உறவு இதுதான்: தன்னிடம் இருப்பது உண்மை என்று ஊர் நிரூபிக்க, நாட்டின் பெட்டியில் அதற்கு ஜோடி இருக்க வேண்டும், அதைப் போய்க் கேட்டு வாங்கவும் முடிய வேண்டும்.

கேட்டு வாங்க முடிகிற காப்பகத்துக்குத்தான் 'பொது' என்ற சொல் பொருந்தும். மன்னர்கள் காலத்திலும் காப்பகங்கள் இருந்தன. பார்ப்பதற்கு மன்னரின் அனுமதி வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-ல், குடிமகன் யாரும் கேட்டால் ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அன்றிலிருந்து இந்த எண்ணம் நாடு நாடாகப் பரவியது. பரவியது என்று சொல்வது எளிது. நடைமுறையில் அந்தக் கதவு எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்பதற்கும் லெகும்பெர்ரியே உதாரணம்.

முதலில் அந்த வேடிக்கை விளைவு. ஒரு காலத்தில் இங்கே அடைபட்ட கைதியின் கோப்பைத் தேடி இந்தக் கட்டடத்துக்கு வந்தால், பெரும்பாலும் கிடைக்காது. சிறை நகர நிர்வாகத்தின்கீழ் இருந்தது. அதனால் அதன் காகிதங்கள் மெக்சிகோ நகரத்தின் வரலாற்று ஆவணக் காப்பகத்தில், வேறு கட்டடத்தில் இருக்கின்றன. யார் உண்டாக்கினார்களோ அவர்கள் பெயரில்தான் வைக்க வேண்டும் என்ற விதி! அறை இங்கே, அந்த அறையில் இருந்தவரின் பதிவேடு அங்கே.

ஆனால் அதே கைதியைப் பற்றிய வேறொரு கோப்பு இங்கே வந்து சேர்ந்தது. 1947-ல் தொடங்கி 1985-ல் கலைக்கப்பட்ட மத்தியப் பாதுகாப்பு இயக்ககம் என்ற ரகசியப் போலீஸ், மாணவர், தொழிற்சங்கத்தினர், எழுத்தாளர், எதிர்க்கட்சிக்காரர் என்று லட்சக்கணக்கானவர்களைக் கண்காணித்துக் குறிப்பு எழுதியது. ஒட்டுக்கேட்ட பேச்சு, கூட்டத்தில் ரகசியமாக எடுத்த படம், விசாரணை அறிக்கை, ஆளுக்கு ஆள் பெயர் அட்டை. காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்கள் பல வருஷம் போராடிய பிறகு, 2001 நவம்பரில் ஜனாதிபதி விசென்ட்டே ஃபாக்ஸ் அந்தக் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற உத்தரவிட்டார். 2002 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அவற்றை வைத்த இடம் லெகும்பெர்ரியின் முதல் கூடம். உள்துறையின் இன்னொரு உளவுப் பிரிவின் கோப்புகள் இரண்டாம் கூடத்தில்.

இதை ஒரு நிமிஷம் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். 1968-ல் இருபது வயதில் இந்தக் கட்டடத்தில் அடைபட்டவர், ஐம்பது தாண்டிய வயதில் அதே வாசல் வழியாக வருகிறார். அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்கிறார். கையில் பென்சில் மட்டும். பேனா மை கசிந்தால் ஆவணம் கெட்டுவிடும் என்பதால் பெரும்பாலான காப்பகங்களில் பென்சில்தான். மேஜைக்கு ஒரு பெட்டி வருகிறது. அதற்குள் இருப்பது தன்னைப் பற்றி யாரோ எழுதியது: எந்த நாள் எந்தத் தெருவில் யாரோடு பேசினார் என்று. அந்தக் காகிதத்தை எழுதியவர், இவர் ஒருநாள் படிப்பார் என்று நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

ஆனால் கதவு முழுசாகத் திறக்கவில்லை. பெட்டிகளை எடுத்துக் கொடுக்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் உளவுத்துறையைச் சேர்ந்தவர்களே. பெயர் அட்டைகளின் அட்டவணையைப் படிக்க வருபவர்கள் பார்க்க முடியாது. ஒரு பெயரைச் சொன்னால், அவர்கள் தேடிக் கொடுப்பதுதான் கிடைக்கும். காப்பகத்தைப் பற்றிப் புதிதாகப் படிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். என்ன இருக்கிறது என்ற பட்டியலைக் காட்டாத காப்பகம் பாதிதான் திறந்திருக்கிறது. இருப்பதே தெரியாத கோப்பை எப்படிக் கேட்பது?

பிறகு 2012-ல் வந்த ஆவணச் சட்டம், அந்தரங்கத் தகவல் உள்ள பழைய காகிதங்களை 30 வருஷமும், மிக நுட்பமான தகவல் என்றால் 70 வருஷமும் மூடிவைக்க வழிசெய்தது. அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சித்திரவதையில் பிடுங்கிய வாக்குமூலம், ஒருவரின் நோய், குடும்பச் சண்டை எல்லாம் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன. அவை ஊர் பார்க்க வேண்டியவை அல்ல. ஆனால் இந்த வாதம் யாருக்கு உதவியது? 2015-ல் முதல் கூடத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. முன்பு தாராளமாகப் பார்த்த ஆய்வாளர்களுக்கு, பெயர்களைக் கறுப்பு மையால் அடித்த நகல்களே கிடைத்தன. பாதிக்கப்பட்டவரின் பெயரோடு அதிகாரியின் பெயரும் மறைந்தால், அங்கே காக்கப்படுவது அந்தரங்கம் இல்லை. 2019 பிப்ரவரியில் ஜனாதிபதி லோபஸ் ஓப்ரதோர், உளவுத்துறையிடம் இருக்கும் பழைய காகிதங்களையும் காப்பகத்துக்கு மாற்றித் திறக்கும்படி மறுபடி உத்தரவிட்டார். அந்த வருஷம் ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய ஆவணச் சட்டத்துக்குப் பிறகும், எதைக் காட்டுவது எதை மறைப்பது என்ற வழக்காடல் தொடர்ந்தது.

இப்படி மாறிய சிறை இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில், ராணுவ ஆட்சியின்போது ரகசியத் தடுப்பு முகாமாக இருந்த கடற்படைப் பயிற்சிப் பள்ளியின் வளாகத்தில் இன்று தேசிய நினைவுக் காப்பகம் இயங்குகிறது. கம்போடியாவின் துவோல் ஸ்லெங்கில், பள்ளிக்கூடமாக இருந்து, கேமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் ஆட்சியின் சிறையாக மாறிய கட்டடத்திலேயே கைதிகளின் புகைப்படங்களும் வாக்குமூலங்களும் காக்கப்படுகின்றன. அந்த இரண்டு இடங்களிலும் காகிதம் அந்த இடத்தின் கொடுமையைப் பற்றியது. லெகும்பெர்ரியில் அப்படி இல்லை. ஒரு நாட்டின் நானூறு ஐந்நூறு வருஷக் காகிதம் முழுவதும் ஒரு சிறைக்குள் குடியேறியது. அதுதான் இதன் தனித்தன்மை.

சமீப ஆண்டுகளில் காப்பகம் அதே வளாகத்தில் ஒரு புதுக் கட்டடம் கட்டியிருக்கிறது. வெப்பமும் ஈரமும் சீராக இருக்கும்படி, காகிதத்துக்கென்றே திட்டமிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் சிறையறைகளில் இருந்த பெட்டிகளைக் கூடம் கூடமாக அங்கே மாற்றத் தொடங்கினார்கள். பெட்டிகள் கிளம்பிய அறைகளில் அலமாரியும் இரும்புக் கதவும் நின்றன.